வெள்ளத்தின் சாட்சிகள்

ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் வாழும் மக்களுக்கு ஆற்றின் மொழி நன்கு தெரியும். காவிரியின் கிளையாகிய அரசலாறு காரைக்காலில் கடலை அடைகின்றது. ஆடித் திங்களில் புதுப்புனல் பெருகி வரும்போது, கரையில் நிற்கும் முதியவர் ஒருவர் நீரின் நிறத்தைக் கண்டே, அது மேற்கே எத்தகைய மண்ணைக் கரைத்து வந்தது என்று உரைப்பார். முறிந்து வரும் மூங்கிலைக் கண்டு காற்றின் வேகத்தை மதிப்பார். வேரொடு பெயர்ந்த பெருமரம் ஒன்று மிதந்து வருமாயின், வெள்ளத்தின் வலிமை இத்துணைத்து என்று தெளிவார். அவர் குடகு மலையைக் கண்டதில்லை. அங்கே பெய்த மழையில் நனைந்ததும் இல்லை. ஆயினும், நிகழ்ந்தவற்றை வந்து சேர்ந்தவற்றால் அறிகின்றார்.

இந்நாளின் அணுக்கரு அறிவியலில் மிக நுட்பமான ஆராய்ச்சி ஒன்றும் இம்முறையையே பின்பற்றுகின்றது. அவ்வாராய்ச்சி காண விரும்பும் வெள்ளம் நீர்வெள்ளம் அன்று. நெருப்பினும் கோடானு கோடி மடங்கு வெம்மையுடைய பொருள்வெள்ளம். அதில் அடித்து வரப்படும் பெருமரங்கள் கனத்த குவார்க்குகள் எனப்படும் நுண்துகள்கள் ஆகும். அவற்றின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு மாணவர்க்கும் இன்பம் தருவதாகும்.

காரைக்கால் சிறிய நிலப்பகுதியே. வடக்கும் தெற்கும் மேற்கும் தமிழ்நாடு சூழ, கிழக்கே வங்கக் கடல் அலைவீச, இடையே அமைந்த ஒரு தனித் தீவு போன்றது அது. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அவர்தம் ஆட்சியில் இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, புதுச்சேரியோடு சேர்ந்து இதன் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்ட முறைப்படி இந்தியாவுடன் இணைந்தது.

அதே 1954-ஆம் ஆண்டில், ஐரோப்பாவில் மற்றொன்று நிகழ்ந்தது. உலகப் போரினால் சிதைந்து கிடந்த அக்கண்டத்தின் நாடுகள், பகை மறந்து ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைக்க உடன்பட்டன. அவ்வுடன்படிக்கை செப்டம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு தோன்றியதே, ஜெனிவா நகரத்தின் அருகே, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில் அமைந்த செர்ன் நிலையம். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு 33 நாட்கள் முன்னரே அது பிறந்தது. ஓரிடத்தில் ஓர் எல்லை நீங்கியது. மற்றோரிடத்தில் எல்லையின் மேலேயே ஓர் அறிவுச்சாலை எழுந்தது. இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏதும் அந்நாளில் எவரும் எண்ணியிருக்கமாட்டார். ஆனால், காலம் செல்லச் செல்ல, இந்திய அறிஞரின் உழைப்பும் அவ்வறிவுச்சாலையில் கலந்தது.

அங்கே ஆராயப்படும் வினா யாது? உலகில் காணப்படும் மண்ணும் நீரும் உப்பும் நெல்மணியும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே கரு உள்ளது. கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. அவற்றுள் குவார்க்குகள் என்னும் துகள்கள் உறைகின்றன என்று 1964-இல் கெல்மன், சுவைக் என்னும் இருவர் தனித்தனியே கூறினர். குவார்க்குகளைப் பிணிக்கும் பிணைப்புக்குக் குளுவான் என்று பெயர். இப்பிணைப்பு விந்தையானது. கயிற்றை இழுக்க இழுக்க அதன் இறுக்கம் மிகுவது போல, குவார்க்குகளைப் பிரிக்க முயலுந்தோறும் பிணைப்பின் ஆற்றல் மிகுகின்றது. ஆகவே, தனித்து நிற்கும் குவார்க்கை எவரும் கண்டதில்லை.

எனினும், ஒரு காலத்தில் அவை கட்டின்றித் திரிந்தன. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பேரண்டம் தோன்றிய பின்னர், ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு காலம் வரையில், வெம்மை மிக மிகுந்திருந்தமையால் புரோட்டானும் இல்லை, நியூட்ரானும் இல்லை. குவார்க்குகளும் குளுவான்களும் ஒன்றோடொன்று கலந்த குழம்பே எங்கும் நிறைந்திருந்தது. அதற்குக் குவார்க்கு-குளுவான் பிளாஸ்மா என்று பெயர். அண்டம் விரிந்து குளிர்ந்தபோது அக்குழம்பு உறைந்து புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஆயிற்று. இன்று காரைக்கால் கடற்கரையில் அள்ளும் ஒரு பிடி மணலில் உள்ள புரோட்டான்களும் அவ்வுறைவில் பிறந்தவையே. ஆதலின், அக்குழம்பின் இயல்பை அறிவது, பொருள்களின் பிறப்பை அறிவதே ஆகும்.

கடந்துபோன அக்காலத்தை மீட்க இயலுமா? சிறு அளவில் இயலும். செர்ன் நிலையத்தில், நிலத்தின் கீழே, 27 கிலோமீட்டர் சுற்றளவுடைய வட்டச் சுரங்கம் ஒன்று உண்டு. அதில், எலக்ட்ரான்கள் முற்றும் களையப்பட்ட ஈய அணுக்கருக்களை எதிரெதிர்த் திசைகளில் ஒளியின் வேகத்தை நெருங்குமாறு செலுத்தி மோதச் செய்கின்றனர். ஓர் ஈயக் கருவில் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் இருத்தலின், நேருக்கு நேர் மோதும்போது நானூற்றுக்கு மேற்பட்ட துகள்கள் ஒரே இடத்தில் ஒன்றோடொன்று தாக்குகின்றன. 2010-ஆம் ஆண்டு நவம்பரில் இம்மோதல் முதன்முதல் நிகழ்ந்தபோது, ஓர் இணைத் துகளுக்கு 2.76 இலட்சம் கோடி எலக்ட்ரான்-வோல்ட்டு ஆற்றல் கிடைத்தது. 2015-இல் அது 5.02 இலட்சம் கோடியாகவும், 2023-இல் 5.36 இலட்சம் கோடியாகவும் உயர்ந்தது. மோதலில் எழும் வெம்மை, சூரியனின் நடுவே உள்ள வெம்மையைப் போல ஒரு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. அவ்வெம்மையில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, அப்பழைய குழம்பு மீண்டும் தோன்றுகின்றது.

ஆனால், அது தோன்றிய உடனே மறைந்துவிடுகின்றது. ஒரு நொடியைக் கோடி கோடி கோடி கூறுகளாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை மீண்டும் நூறாகப் பகுத்தால் வரும் காலத்தின் சில மடங்கே அதன் வாழ்நாள். அதனுள் எந்தக் கருவியையும் நுழைத்துப் பார்த்தல் இயலாது. வெப்பமானியை இட்டு அளக்க இயலாது. விளக்கைக் காட்டி நோக்கவும் இயலாது. அக்குழம்பு குளிர்ந்து சிதறிய பின், பல்லாயிரம் துகள்கள் கருவிகளில் வந்து விழுகின்றன. அவற்றுள் மிகப் பல, குழம்பு உறைந்தபோது பிறந்தவை. அவை வெள்ளத்தின் முடிவைக் கூறுமேயன்றித் தொடக்கத்தைக் கூறமாட்டா. தொடக்க முதல் இறுதி வரை உடனிருந்து கண்ட சாட்சி எது? இங்கேதான் கனத்த குவார்க்குகள் வருகின்றன.

குவார்க்குகள் ஆறு வகைப்படும். புரோட்டானிலும் நியூட்ரானிலும் அமைந்த இரண்டும் மிக இலேசானவை. கவர்ச்சி என்னும் பொருளுடைய சார்ம் என்பது புரோட்டானைவிடச் சற்றே கனமானது. அடி என்னும் பொருளுடைய பாட்டம் என்பது புரோட்டானைப் போல நாலரை மடங்கு கனமானது. இவையிரண்டுமே ஈண்டு கருதப்படும் கனத்த குவார்க்குகள். ஆறாவதாகிய டாப் இன்னும் மிகக் கனமானது; ஆயினும், அது குழம்பு திரள்வதற்கு முன்னரே சிதைந்துவிடுதலின் அதனை இங்கு எண்ண வேண்டுவதில்லை.

ஆற்றல் பொருளாக மாறும் என்பது ஐன்ஸ்டீன் காட்டிய உண்மை. கனத்த பொருளை ஆக்கப் பேராற்றல் வேண்டும். குழம்பின் வெம்மை எத்துணை மிகுதியாயினும், சார்ம் குவார்க்கையோ பாட்டம் குவார்க்கையோ எளிதில் புதிதாகப் படைக்க அது போதாது. கருக்கள் முட்டும் அந்த முதற்கணத்தில், இரு குளுவான்கள் வன்மையாகத் தாக்கிக்கொள்ளும்போதே அவை பிறக்கின்றன. பிறக்கும்போது குவார்க்கும் அதற்கு எதிரான எதிர்க்குவார்க்கும் இணையாகவே பிறக்கின்றன. பிறந்தபின் அவை குழம்பில் அழிந்துபோதலும் அரிது. ஆகவே, குழம்பு தோன்றும் முன்னரே பிறந்து, அது பெருகி ஓடி உறையும் வரை அதனூடே நீந்தி, இறுதியில் கரையேறுவன இவையே. சாட்சி சொல்வோன் நிகழ்ச்சிக்கு முன்னரே வந்திருத்தல் வேண்டும். முடியும் வரை அகலாதிருத்தல் வேண்டும். இவ்விரு தகுதியும் கனத்த குவார்க்குகளுக்கு இயல்பாக அமைந்தன.

சார்ம் குவார்க்கு உண்டு என்பது 1974-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிப்பட்டது. அமெரிக்க நாட்டில் புரூக்கேவனில் சாமுவேல் திங் என்பாரும், ஸ்டான்போர்டில் பர்ட்டன் ரிக்டர் என்பாரும் தம் தம் குழுவினருடன் ஒரே துகளைத் தனித்தனியே கண்டனர். ஒருவர் அதனை ஜே என்றார்; மற்றவர் சை என்றார். இருவர் உரிமையும் குன்றாதவாறு உலகம் அதனை ஜே-சை என்று அழைக்கலாயிற்று. ஒரு சார்ம் குவார்க்கும் ஒரு சார்ம் எதிர்க்குவார்க்கும் கைகோத்து நிற்பதே ஜே-சை. 1976-இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1977-இல் லெடர்மன் தலைமையில் இயங்கிய குழு, பாட்டம் இணையால் ஆன அப்சிலான் என்னும் துகளைக் கண்டது.

இனி, சாட்சிகள் கூறியவற்றைக் கேட்போம்.

முதலாவது, வெள்ளத்தின் வலிமை. கனத்த மரம் வெள்ளத்தில் எளிதில் அசையாது. இலையும் சருகும் ஓடுவது போல அது ஓடாது என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறே கனத்த குவார்க்குகள் குழம்பில் மிகுதியாக ஆற்றல் இழக்கமாட்டா என்றும், அதன் ஓட்டத்தில் கலந்துகொள்ளமாட்டா என்றும் முதலில் எதிர்பார்த்தோர் பலர். இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. புரோட்டானும் புரோட்டானும் மோதும் எளிய மோதலில் பிறக்கும் சார்ம் துகள்களை எண்ணுகின்றனர். ஈயக் கருக்கள் மோதும்போது எத்தனை பிறக்கவேண்டும் என்று அதனைக்கொண்டு கணக்கிடுகின்றனர். பின்னர், உண்மையில் வந்தவற்றை எண்ணி ஒப்பிடுகின்றனர். 2012-இல் வெளியான அளவீடு வியப்பளித்தது. கருக்கள் நேருக்கு நேர் மோதும்போது, மிகுந்த விரைவோடு வரவேண்டிய சார்ம் துகள்களில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் வந்திருந்தன. ஏனையவை அழியவில்லை, குழம்பில் ஆற்றலை இழந்து விரைவு குன்றிப்போயின. மறு ஆண்டில், அவை குழம்பின் ஓட்டத்தோடு தாமும் ஓடியதும் தெரியவந்தது. பெருமரத்தையும் புரட்டித் தள்ளிச் செல்லும் வெள்ளம் அது என்பது உறுதியாயிற்று.

பாட்டம் குவார்க்கோ சார்மைவிட மும்மடங்கு கனமானது. அது சார்மைவிடக் குறைவாகவே ஆற்றல் இழந்தது. கனத்த துகள் ஓடும்போது தன் திசையை ஒட்டிய குறுகிய கூம்பினுள் குளுவான்களை உமிழ்வதில்லை என்று 1991-இல் கணித நூலார் கூறியிருந்தனர். அக்கூம்பினை எளிய புரோட்டான் மோதல்களில் நேரே கண்டறிந்த செய்தி 2022-இல் வெளியாயிற்று. முப்பது ஆண்டுகள் ஏட்டில் இருந்த கணக்கு, கண்ணுக்குப் புலனாயிற்று.

இரண்டாவது செய்தி இதனினும் சுவையுடையது. 1986-இல் மட்சுயி, சாட்சு என்னும் இரு அறிஞர்கள் ஓர் எண்ணத்தை வெளியிட்டனர். ஜே-சை என்பது கைகோத்து நிற்கும் இருவரைப் போன்றது என்று கண்டோம். காரைக்காலில் ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில், மாடங்களிலிருந்து மக்கள் மாங்கனிகளை வீச, அவற்றைப் பற்றக் கூட்டம் அலைமோதும். அக்கூட்டத்தில் கைகோத்து நுழைந்த இரு சிறுவர்கள் பிரிந்துபோதல் எளிது. இருவர் இடையேயும் பலர் புகுந்துவிட்டால், ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேளாது. அதுபோலவே, குழம்பில் திரியும் எண்ணற்ற குவார்க்குகளும் குளுவான்களும் இடையே புகுந்து, சார்ம் இணையின் பிணைப்பை மறைத்துவிடும்; இணை பிரிந்துவிடும்; ஜே-சை குறைந்துவிடும். எனவே, ஜே-சை குறைவது குழம்பு தோன்றியமைக்கு அடையாளம் என்றனர் அவ்விருவரும்.

செர்ன் நிலையத்தில் அப்போது இருந்த பழைய பொறியில் 1990-களில் ஈயக் கருக்களைச் செலுத்திச் சோதித்தபோது, ஜே-சை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தே காணப்பட்டது. எல்லோரும் மகிழ்ந்தனர். 2000-ஆம் ஆண்டில் புரூக்கேவனில் புதிய பொறி இயங்கத் தொடங்கியது. அங்கே வெம்மை இன்னும் மிகுதி. ஆகவே, ஜே-சை இன்னும் மிகக் குறையவேண்டும். ஆனால், நடுப்பகுதியில் குறைவு முன்போலவே இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்துச் செர்ன் நிலையத்தின் பெரும் பொறியில் வெம்மை மேலும் ஏறியது. ஜே-சையோ முன்னிலும் மிகுதியாகப் பிழைத்து வந்தது!

மட்சுயியும் சாட்சும் கூறியது தவறா? இல்லை. கூட்டம் சிறிதாயிருந்தபோது எவரும் கருதாத ஒன்று, கூட்டம் பெரிதானபோது முன்வந்தது. பழைய பொறியில் பல மோதல்களுக்கு ஒருமுறையே ஒரு சார்ம் இணை பிறந்தது. புரூக்கேவனில் நேர்மோதல் ஒன்றில் பத்து இருபது இணைகள் பிறந்தன. பெரும் பொறியில் நூறு என்னும் அளவில் இணைகள் பிறக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஓர் இணையே பிரிந்ததாயின் அவ்விருவரும் மீண்டும் சந்தித்தல் அரிது. நூறு இணைகள் பிரிந்து திரிந்தால், ஓர் இணையின் சிறுவன் மற்றோர் இணையின் சிறுவனோடு கைகோத்துக் கொள்ளுதல் எளிதன்றோ? இணைகள் பத்து மடங்கு மிகுந்தால், கூடும் வாய்ப்பு நூறு மடங்கு மிகும். குழம்பு குளிரும்போது, எங்கோ பிறந்த சார்ம் குவார்க்கும், வேறெங்கோ பிறந்த எதிர்க்குவார்க்கும் ஒன்றுகூடிப் புதிய ஜே-சை ஆகின்றன. பிரிதலும் உண்மை, கூடுதலும் உண்மை. குவார்க்குகள் கட்டின்றித் திரிந்தாலன்றி இக்கூட்டம் நிகழாது. ஆகவே, ஜே-சை குறைந்தபோது சொன்ன சான்றையே, அது மிகுந்தபோதும் வேறொரு வகையால் சொல்லிற்று.

இதிலிருந்து ஒரு பெரும்பாடம் கிடைக்கின்றது. ஒரு சாட்சியின் சொல்லைக் கேட்பவன், தான் விரும்பும் விடையை முன்னரே மனத்தில் கொண்டிருப்பானாயின், உண்மையை இழந்துவிடுவான். குறைவே அடையாளம் என்று பிடிவாதம் கொண்டிருந்தால், மிகுதியைக் கண்டபோது கருவி பழுது என்றோ கணக்குப் பிழை என்றோ தள்ளியிருக்கக்கூடும். அறிஞர்கள் அவ்வாறு செய்யவில்லை. அளவை மீண்டும் அளந்தனர். அதற்கு முன் தம் எண்ணத்தை வளைத்துக்கொண்டனர். பாட்டம் இணைகளோ மிகச் சிலவே பிறத்தலின், அவற்றில் மறுகூட்டம் அரிது. அங்கே பழைய எண்ணம் தெளிவாகவே விளங்கிற்று. இறுகப் பிணைந்த அப்சிலான் ஓரளவு பிழைக்க, தளரப் பிணைந்த அதன் மேல்நிலைகள் இரண்டும் மிகுதியாகச் சிதைந்தன.

இச்சாட்சிகள் கரையேறும் விதமும் அறியத்தக்கது. சார்ம் துகளும் பாட்டம் துகளும் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவே வாழ்கின்றன. அதற்குள் அவை செல்லும் தொலைவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்க்கும் குறைவு. அவ்விடத்தில் அவை சிதைந்து வேறு துகள்களாகின்றன. மோதல் நிகழ்ந்த இடத்திற்கும், சிதைவு நிகழ்ந்த இடத்திற்கும் உள்ள அச்சிறு இடைவெளியை அளந்தே அவற்றை அடையாளம் காண்கின்றனர். இதற்கென 2021-இல் பொருத்தப்பட்ட சிலிக்கான் கருவியில் 1250 கோடி நுண்புள்ளிகள் உள்ளன. ஜே-சையோ நூற்றில் ஆறு முறை இரண்டு மியூவான்களாகச் சிதைகின்றது. மியூவான் தடித்த இரும்புச் சுவரையும் ஊடுருவிச் செல்லும் துகள். ஏனைய துகள்களையெல்லாம் தடுப்புச் சுவரால் நிறுத்திவிட்டு, ஊடுருவி வந்த மியூவான்களின் பாதைகளைத் தொடர்ந்து சென்று, அவற்றின் பெற்றோர் ஜே-சையே என்று தெளிகின்றனர்.

இப்பணி செய்யும் ஆலிஸ் என்னும் கருவி 10,000 டன் எடையுடையது. அது பிரெஞ்சு மண்ணில், செயின்ட் ஜெனி-பூயி என்னும் ஊரில், நிலத்தின் கீழ் அமைந்துள்ளது. அதன் மியூவான் பகுதியில் பாதைகளைப் பதியும் ஐந்து நிலைகளுள் இரண்டாம் நிலையை ஆக்கித் தந்தோர், கல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் கழகத்தாரும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் ஆவர். அப்பகுதியின் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின்வழிகளில் வரும் மெல்லிய குறிகளைப் படிக்க மானஸ் என்னும் சிறு சில்லு வேண்டியிருந்தது. அதனைச் சாகா கழகத்தார் வகுக்க, சண்டிகரை அடுத்த மொகாலியில் இயங்கிய இந்திய அரசின் குறைகடத்தி ஆலை செய்து கொடுத்தது. நகத்தளவான அச்சில்லு ஒவ்வொன்றும் 16 வழிகளைப் படித்தது. கல்கத்தாவில் உள்ள சுழற்சி முடுக்கி மையத்தாரும், புவனேசுவரம், சண்டிகர், ஜம்மு, ஜெய்ப்பூர் ஆகிய ஊர்களின் அறிஞர்களும் சேர்ந்து ஒளித்துகளை எண்ணும் மற்றொரு கருவியை அமைத்தனர். இம்முயற்சிகளுக்கு வழிகாட்டியவர் பிகாஷ் சின்கா (1945–2023) என்னும் வங்க அறிஞர். செர்ன் நிலையத்தின் மற்றொரு பெருங்கருவியாகிய சி.எம்.எஸ். ஆராய்ச்சியில் சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கு கொண்டது. இந்தியா 2017-ஆம் ஆண்டு சனவரியில் செர்ன் நிலையத்தின் இணை உறுப்பு நாடாயிற்று.

மானஸ் சில்லுகள் 2018 வரை உழைத்தன. பின்னர், நொடிக்கு ஐம்பதாயிரம் மோதல்கள் வரை பதியவேண்டும் என்று கருவி புதுப்பிக்கப்பட்டபோது, அவை நீக்கப்பட்டு, பிரேசில் நாட்டார் வகுத்த புதிய சில்லுகள் பொருத்தப்பட்டன. தாம் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த ஒன்று, பத்தாண்டு பணிசெய்து விலகுவதைக் கண்டு அவற்றைச் செய்தவர் வருந்தவேண்டுவதில்லை. ஜே-சை மீண்டும் கூடுகின்றது என்னும் உண்மையை முதலில் படித்த கண்கள் அவையே. கருவி நீங்கினும் அது கண்ட உண்மை நீங்காது.

செர்ன் நிலைய வளாகத்தில் 2004 சூன் 18-இல் திறந்துவைக்கப்பட்ட ஆடவல்லான் திருவுருவம் ஒன்று நிற்கின்றது. இரண்டு மீட்டர் உயரமுடைய அச்செப்புத் திருமேனி இந்தியா அளித்த பரிசு. ஆக்கமும் அழிவும் இடையறாது நிகழ்தலைக் காட்டும் அவ்வடிவம், துகள்கள் பிறந்தும் மறைந்தும் வரும் அவ்விடத்துக்குப் பொருத்தமே என்பர். அத்தகைய திருமேனிகளை வார்க்கும் கலை காவிரி நாட்டில் சோழர் காலத்தில் சிறந்தோங்கியது. ஆடும் பெருமானின் அடிக்கீழ் அமர்ந்து தாளமிட்டுப் பாடும் மெலிந்த மூதாட்டியின் உருவத்தைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் காணலாம். அம்மூதாட்டி காரைக்கால் அம்மையார்.

இவ்வாராய்ச்சியால் உழவர்க்கு ஆவதென்ன, மீனவர்க்கு ஆவதென்ன என்று வினவுவோர் உளர். அவ்வினா நேர்மையானது; அதற்கு நேர்மையான விடையே தருதல் வேண்டும். குவார்க்குக் குழம்பு நெல்லை விளைக்காது. வலையில் மீனைச் சேர்க்காது. அதனை ஆக்கவும் அளக்கவும் பெரும்பொருள் செலவாவதும் உண்மை. ஆனால், உண்ணும் சோறும் உடுக்கும் நூலும் எதனால் ஆயின என்று அறிய விரும்புதல் மனித இயல்பு. அவ்விருப்பத்தைத் தனி ஒரு நாடு தன் செல்வத்தால் நிறைவேற்றுதல் அரிது. ஆகவேதான், ஒருகால் ஒன்றையொன்று அழிக்க முனைந்த நாடுகளும், ஒருகால் ஆண்ட நாடும், ஆளப்பட்ட நாடும் ஒரே சுரங்கத்தில் சேர்ந்து நிற்கின்றன. காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் உள்ளது. அக்கழகம் நிறுவப்பட்டதும், ஈயக் கருக்கள் பெரும் பொறியில் முதன்முதல் மோதியதும் ஒரே 2010-ஆம் ஆண்டில்தான். அங்குப் பயிலும் மாணவர் ஒருவர், நாளை ஒரு சில்லை வகுக்கலாம். ஒரு கணக்கைத் திருத்தலாம்.

அவர்க்கு வேண்டுவன பெரும்பொறிகள் மட்டும் அல்ல. கண்ட அளவை மறைக்காத நேர்மையும், எண்ணியது பொய்த்தபோது எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் துணிவும், தன் கருவி விலக்கப்படும்போது அடுத்தவரின் கருவியை வரவேற்கும் உள்ளமும் வேண்டும். இவை எந்த ஊரிலும் விளையும். எந்த எல்லையும் இவற்றைத் தடுப்பதில்லை. கனத்த குவார்க்குகள் தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லிவிட்டன. அதனைக் கூட்டாமலும் குறைக்காமலும் கேட்பது மாந்தர் கடமை.